எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை: ஜீப்பிலும் லயத்திலும் பெண்கள் என்னிடம் கேட்டவை

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பெண்கள் பலர் விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டும் நேரத்தில் இறங்குகிறவர்கள். கேரளப் பக்கம் வண்டிப்பெரியார், பீருமேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் இன்னொரு பக்கம். இவர்கள் வந்துபோகும் எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ஒன்றில் பதினோரு வருஷம் ஆலோசகராக இருந்தேன். வேலையை விட்டேன், கேள்விகள் என்னை விடவில்லை. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதும், ஜீப்பில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். யார் என்று அடையாளம் தெரியக்கூடியதை மட்டும் எடுத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரையைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரெப்புன்னா என்னக்கா? எய்ட்ஸ்காரங்க சாப்பிடுற மாத்திரையா?

பாதி சரி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் இருக்கும் டெனோபோவிர்தான் இதிலும் முக்கியமானது. கூடவே எம்ட்ரிசிடபின் என்ற இன்னொரு மருந்து. இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும், தினமும் ஒன்று. ஆனால் இதைச் சாப்பிடுகிறவர் தொற்று இல்லாதவர். கிருமி உள்ளே வந்தாலும் ரத்த அணுவுக்குள் தன்னைப் பெருக்கிக்கொள்ள முடியாதபடி மருந்து முன்கூட்டியே அங்கே இருக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்று வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது.

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குள் இறங்கும் முன்னால் அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணி தேய்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி என்று வையுங்கள். கடித்த பிறகு உப்பு வைப்பது வேறு கதை, அது கீழே வருகிறது. அமெரிக்காவில் 2012ல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆபத்து அதிகமுள்ள யாருக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. ஆக, புது மருந்தும் இல்லை, சோதனை மருந்தும் இல்லை.

எய்ட்ஸெல்லாம் குறைஞ்சு போச்சுங்கறாங்களே? டி.வி.ல கூட அந்த விளம்பரம் இப்ப வர்றதில்ல.

குறைந்தது நிஜம், ஒழியவில்லை. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். கேரளத்தில் விகிதம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவு, ஆந்திரத்தில் கூடுதல். ஓசூர், தடா, நகரி, வாளையார், குமுளி என்று எந்த எல்லையிலும் லாரி நிற்கும், கூலி ஆள் இறங்கும், யாரோ ஒருவர் வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியே தங்கியிருப்பார். அதனால் "எங்க மாவட்டத்துல இல்ல" என்று எல்லைக்காரர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

நான் எங்க வீட்டுக்காரரத் தவிர இன்னொரு ஆம்பளைய ஏறிட்டுப் பார்த்ததில்ல. எனக்கு எதுக்கு இது?

இதைக் கேட்காத பெண்ணே இல்லை. சிலர் கோபமாகக் கேட்டார்கள், சிலர் பயந்து கேட்டார்கள். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ரிசல்ட் வாங்கிய பெண்களில் முக்கால்வாசிப் பேர் இதே வாக்கியத்தைச் சொன்னவர்கள்தான். கர்ப்பமாகி முதல் ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் தெரிந்துகொண்டவர்கள் அதில் நிறைய. அவர்கள் ஒழுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கேட்காத ஒரே கேள்வி வீட்டுக்காரரைப் பற்றியது. நம் ஊரில் அதை எந்தப் பெண் கேட்க முடியும்?

நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா பெரியசாமியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாரி ஓட்டிய கணவர் மூலமாகத் தொற்று வந்தது. ஒளிந்துகொள்ளாமல் வெளியே வந்து பேசி, 1998ல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பை மற்ற பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். அவர் மாதிரிப் பெண்கள் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: கல்யாணம் தடுப்பூசி ஆகாது.

அதற்காக எல்லா மனைவிகளும் இந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தேவையே இல்லை. கணவர் மாதக்கணக்கில் வெளியூரில், குடித்துவிட்டு எங்கெங்கோ போகிறார் என்று தெரியும், பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார், அவருக்கு மேகநோய் ஏதோ வந்து ஊசி போட்டது காதில் விழுந்தது. இப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் இந்தப் பேச்சை எடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் வருஷம் ஒருமுறை பரிசோதனை போதும்.

ஆணுறை இருக்கே, அத விட்டுட்டு மாத்திரை எதுக்கு?

ஆணுறை நல்ல சாமான். மலிவு, கர்ப்பத்தையும் தடுக்கும், மற்ற பால்வினை நோய்களையும் தடுக்கும். மாத்திரைக்கு அந்த இரண்டு வேலையும் தெரியாது. சிபிலிஸ், வெட்டை எதையும் இது தடுக்காது. ஆகவே இரண்டும் இருந்தால் மிகவும் நல்லது.

ஆனால் ஆணுறையைப் போடுகிறவர் ஆண். "இன்னைக்குப் போடுங்க" என்று சொன்ன பெண்ணுக்கு, "ஏன், எம்மேல சந்தேகமா? இல்ல, நீ எவங்கிட்டயாவது போறியா?" என்று இரண்டு பக்கமும் அடி விழும். பெண்களுக்கான உறை என்றும் ஒன்று உண்டு. ஆனால் விலை அதிகம், கடையில் கிடைப்பதும் அரிது, அதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் முடியாது. மாத்திரையைப் பெண் காலையில் கஞ்சி குடித்த கையோடு விழுங்கிவிட்டு ஜீப் ஏறிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறேன்.

பெப்பு, பிரெப்புங்கறாங்களே, ரெண்டும் ஒண்ணுதான?

பேர் வைத்தவர்களைத்தான் உதைக்க வேண்டும். பிரெப் என்பது முன்னால் சாப்பிடுவது. பெப் என்பது சம்பவம் நடந்த பிறகு சாப்பிடுவது, மேலே சொன்ன அட்டைக் கடிக்கு உப்பு வைக்கிற மாதிரி. பலாத்காரம் நடந்தது, ஆணுறை கிழிந்தது, குத்திய ஊசி கையில் பட்டது போன்ற நேரங்களில் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நாலாம் நாள் வந்து கேட்டால் பலன் இல்லை.

இது அரசு மருத்துவமனையில் இலவசம். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போகலாம். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம். "முதல்ல போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மலைமேல் தோட்டத்திலிருந்து இறங்கிவரவே அரைநாள் ஆகும் நம் பெண்களுக்கு இந்த 72 மணி நேரக் கணக்கு மிக முக்கியம். இதை மட்டுமாவது மகள்களுக்குச் சொல்லி வையுங்கள்.

தெனமும் சாப்பிடணுமா? அவரு ஊருக்கு வர்ற அன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டா ஆகாதா?

ஆகாது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு, உறவுக்கு முன்னும் பின்னுமாகச் சில மாத்திரை மட்டும் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதை எங்கோ கேட்டுவிட்டு வந்து பலர் இப்படிக் கேட்கிறார்கள். பெண்களுக்கு அது பொருந்தாது. பெண்ணுறுப்பின் சதையில் இந்த மருந்து மெதுவாகத்தான் சேரும், சேர்ந்த மருந்து சீக்கிரம் கரைந்தும் போகும். அதனால் குறைந்தது ஏழு நாள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகுதான் காப்பு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைக்கிறது. சில டாக்டர்கள் இன்னும் ஜாக்கிரதையாக 21 நாள் என்பார்கள். அதுவரை ஆணுறை.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார் என்றால், வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அவர் திரும்பிப் போன பிறகும் கடைசி உறவிலிருந்து ஏழு நாள் தொடர வேண்டும். டாக்டர் தேதி குறித்துக் கொடுப்பார். ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறக்கிறீர்கள் என்றால் பெண்களுக்குக் காப்பு போதாது.

மெடிக்கல்ல கேட்டேன், கிட்னி போயிரும்னு சொல்லிட்டாரு.

அந்த மெடிக்கல்காரர் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கொஞ்சம் பாதிக்கும் என்பது உண்மை. அதனால்தான் தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கிறார்கள், இடையிலும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். எலும்பின் அடர்த்தி லேசாகக் குறையலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். மற்றபடி முதல் மாதம் குமட்டல், வயிற்றில் காற்று, தலைவலி. மசக்கை மாதிரி இருக்கிறதே என்று ஒரு பெண் பயந்துபோய் ஓடிவந்தார். மூன்றாவது வாரம் எல்லாம் அடங்கிவிட்டது.

இதைவிட நான் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, பரிசோதனை செய்யாமல் தொடங்குவது. உடம்பில் ஏற்கெனவே தொற்று இருந்து, இந்த இரண்டு மருந்தை மட்டும் சாப்பிட்டால், கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் பழகிவிடும். அப்புறம் சிகிச்சை சிக்கலாகும். ஆகவே தொடங்கும் முன் ஒரு எச்.ஐ.வி. பரிசோதனை, ஒரு மாதத்தில் இன்னொன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டாவது, ஹெபடைடிஸ் பி. இந்த மருந்து அந்தக் கிருமியையும் அடக்கி வைக்கும். கல்லீரலில் அது இருப்பது தெரியாமல் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் மஞ்சள் காமாலை சீறி எழும். முதலிலேயே அதற்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

மாசமா இருக்கவங்க, பால் குடுக்கவங்க சாப்பிடலாமா? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையோட ஒத்துக்குமா?

மூன்றுக்கும் பதில், ஆமாம். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும்தான் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுதல். அந்த நேரத்தில் புதிதாகத் தொற்று வந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடுதல். கருத்தடை மாத்திரை, ஊசி, காப்பர்-டி எதனோடும் மோதாது.

எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு, ஏ.ஆர்.டி. சாப்பிடுறாரு. எனக்கு இல்ல. நானும் சாப்பிடணுமா? எங்களுக்கு ஒரு புள்ள வேணும்.

அவர் ஏ.ஆர்.டி.யை, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை, ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அது அப்படியே நிலைத்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது. ஆயிரக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கில் கவனித்து உறுதி செய்த விஷயம் இது. ஆகவே முதல் கேள்வி உங்களைப் பற்றியதே இல்லை: "அவருடைய வைரல் லோடு, அதாவது அந்தக் கிருமி எண்ணிக்கை, என்ன?" ஏ.ஆர்.டி. மையத்தில் அந்தப் பரிசோதனை இலவசம். தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அவர் இப்போதுதான் மருந்து தொடங்கினார், எண்ணிக்கை இன்னும் இறங்கவில்லை. அல்லது தோட்ட வேலைக்குப் போகும்போது மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர். அப்படியானால் நீங்கள் பிரெப் சாப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று ஆணுறையை விடும் மாதங்களில், அவர் எண்ணிக்கை இறங்கியிருந்தாலும், மனத் தைரியத்துக்கு இதையும் சேர்த்து எடுக்கிறவர்கள் உண்டு. இப்படித் தொற்றில்லாமல் பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு மிட்டாய் கொடுத்த ஜோடி ஒன்று உண்டு. அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

இது எங்க கெடைக்கும்? நம்ம பக்கமா, கேரளாப் பக்கமா?

பரிசோதனைக்கு எந்தப் பக்கமும் போகலாம். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும், கேரளத்தில் அதற்கே ஜ்யோதிஸ் என்று பேர். அங்கே ஏ.ஆர்.டி. மையத்துக்கு உஷஸ் என்று பேர். பரிசோதனை இலவசம், எந்த மாநிலத்து ரேஷன் கார்டு என்று பார்ப்பதில்லை. லயத்துப் பெண்கள் பலர், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் வருவார்கள். கம்பத்துப் பெண்கள் அதே காரணத்துக்காக மலை ஏறுவார்கள். இரண்டு கூட்டமும் குமுளி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே கடந்து போவதை நினைத்து நான் சிரித்ததுண்டு.

மாத்திரை விஷயம் அப்படி இல்லை. தொற்றுள்ளவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்து 2004லிருந்து அரசு இலவசமாகத் தருகிறது. பிரெப் அந்த மாதிரி எல்லா மையத்திலும் இலவசமாகக் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. டாக்டர் சீட்டோடு தனியார் மருந்துக் கடையில் வாங்கலாம். இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். தினக்கூலிப் பெண்ணுக்கு ஒரு மாத மாத்திரைக்கு மட்டுமே சில நாள் கூலி போய்விடும். அதன் மேல் டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, ஒரு நாள் வேலை இழப்பு. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?

வேண்டாம். பதினெட்டு வயது முடிந்த பெண் தன் உடம்புக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். 2017ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், பரிசோதனைக்கு அந்த நபரின் சம்மதத்தைத்தான் கேட்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், எல்லைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இந்த மாத்திரை பற்றிக் கேட்டபோது, "புருஷனைக் கூட்டிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். புருஷனுக்குத் தெரியாமல் பாதுகாத்துக்கொள்ளத்தான் அவர் போனதே! இந்த மாதிரிச் சொன்னால், "எழுத்தில் கொடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குரல் இறங்கிவிடும்.

டப்பாவைப் பார்த்துட்டா வீட்ல என்ன நெனைப்பாங்க? லயத்துல ஒளிச்சு வைக்க எடம் ஏது?

இதுதான் கடினமான கேள்வி. லயத்தில் ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று குரல் வரும். அதில் ஒரு மாத்திரை டப்பாவை மாதக்கணக்கில் மறைப்பது எப்படி? டப்பாவில் உள்ள பேரை இணையத்தில் தேடினால் எச்.ஐ.வி. என்றுதான் வரும். "உனக்கு வந்திருச்சா?" என்று ஆரம்பித்தால் அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்?

பெரிய ஆராய்ச்சிகளே இந்த இடத்தில் இடறி விழுந்திருக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகளில் பெண்களிடம் இந்த மாத்திரையைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றை 2011ல் பாதியில் நிறுத்தினார்கள். இன்னொன்றில், 5,029 பெண்கள் சேர்ந்த ஆய்வில், மாத்திரையால் பலனே தெரியவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குப் பெண்களின் உடம்பில்கூட மருந்து இல்லை. மருந்து தோற்கவில்லை. டப்பாவைப் பார்த்து நோயாளி என்று நினைப்பார்களோ என்ற பயம், எனக்கு வராது என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்து மாத்திரையைக் குப்பைக்கு அனுப்பின. சென்னையில் ஏசி அறையில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும்.

நடைமுறையில் பெண்கள் கண்டுபிடித்த வழிகள்: மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றுவது (ஈரம் படக்கூடாது, உள்ளிருக்கும் சின்னப் பொட்டலத்தையும் சேர்த்துப் போட வேண்டும்), தோட்டத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில் வைத்திருப்பது, நம்பிக்கையான நாத்தனார் வீட்டில் வைப்பது. சட்டமும் ஒன்று சொல்கிறது: உங்கள் விவரத்தை மையத்தில் இருப்பவர்கள் வெளியே சொல்லக்கூடாது. ஒரு பெண்ணுக்குத் தொற்று இருந்து, அதைத் துணைக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தால்கூட, சொன்னால் அந்தப் பெண்ணை அடிப்பார்கள், துரத்திவிடுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால், மையத்தில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது என்று அதே சட்டத்தில் தனியாக எழுதியிருக்கிறது.

கவர்மெண்ட் லிஸ்ட்ல நான் இல்லையாம்ல? தொழில் பண்றவங்களுக்குத்தான் இதுன்னு சொல்லிட்டாங்க.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022ல் பிரெப்புக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஆபத்து கூடுதலாக உள்ள பிரிவுகளையும், ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும் ஜோடிகளையும் அது பேசுகிறது. அந்தப் பிரிவுகளுக்கு முதலில் கொடுப்பது நியாயம்தான், நான் அதை எதிர்க்கவில்லை. பாலியல் தொழிலில் உள்ள பெண்கள்தான் நமக்கு வழிகாட்டியதே. மைசூரில் அசோதயா சமிதி என்று அவர்களே நடத்தும் அமைப்பு, 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் கவனித்தது. ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை, கிட்டத்தட்ட எல்லாரும் கடைசிவரை தொடர்ந்தார்கள். மேலே சொன்ன ஆப்பிரிக்க ஆய்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கே கொடுத்ததும் விசாரித்ததும் கூட்டாளிப் பெண்கள்.

சிக்கல் என்னவென்றால், அரசு எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் பட்டியலில் லாரி ஓட்டுகிறவருக்கு இடம் உண்டு, அவர் மனைவிக்கு என்று தனியாக ஓர் இடம் கிடையாது. அந்த மாத்திரையைக் கேட்க வேண்டுமென்றால் அவள் தன்னை வேறு யாராகவோ சொல்லிக்கொள்ள வேண்டும். "எனக்கு ஆபத்து இருக்கிறது, காரணத்தை என்னிடம் கேளுங்கள்" என்று ஒரு பெண் சொன்னால் அதுவே போதும் என்று வர வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி வந்திருச்சாமே? நெசமா?

நிஜம். லெனகாபவிர் என்று பேர். வயிற்றுச் சதையில் தோலுக்கடியில் போடுவது, வருஷத்துக்கு இரண்டு முறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம் பெண்களிடம் சோதித்தார்கள். 2024ல் முடிவு வந்தது: ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதற்கு முன்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசி வந்தது. பெண்களிடம் அது தினசரி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. டப்பா கிடையாது, ஒளிக்க ஒன்றுமில்லை. லயத்துப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விலைதான் தலைசுற்ற வைக்கும். அமெரிக்காவில் ஒரு வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ இரண்டு கம்பெனிகளும் இதைத் தயாரிக்க உரிமம் பெற்றிருக்கின்றன. ஏழை, நடுத்தர நாடுகள் 120க்கு, 2027லிருந்து வருஷத்துக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நம் பணத்தில் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் சொச்சம். 2001ல் இப்படித்தான், வருஷம் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்தை நம் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மூன்று வருஷத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து ஹைதராபாத்தில் தயாராகும் ஊசி உகாண்டாவுக்குப் போய்ச் சேர்ந்து, கம்பத்துக்கு வராமல் போனால் அதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

இதெல்லாம் குடுத்தா பொம்பளைங்க கெட்டுப் போவாங்கன்னு எங்க ஊர்ப் பெரியவரு சொல்றாரு.

கருத்தடை மாத்திரை வந்தபோதும் இதையே சொன்னார்கள். அவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள்.

சரிக்கா, மனு எழுதணும்னா என்ன எழுதுறது? யாருக்குக் குடுக்குறது?

தமிழ்நாட்டில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்ட இயக்குநருக்கு ஒன்று, நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். லயத்துக்காரர்கள் கேரள மாநிலச் சங்கத்துக்கு மலையாளத்தில் ஒன்று எழுத வேண்டும், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கிறதே. நீட்டி முழக்க வேண்டாம். "பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதினால், "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். பொருளாகக் கேளுங்கள். இந்த அரசு மருத்துவமனையில் பிரெப் மாத்திரை இருப்பு வேண்டும். மூன்று மாத மாத்திரையை எழுத்தில்லாத கவரில் ஒரே தடவையாகத் தர வேண்டும். ஜீப்பில் போகிறவர்கள் இருட்டின பிறகுதான் இறங்குகிறார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது மையம் திறந்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பெண் வந்து கேட்டாலும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேச வேண்டும். ஊசி வரும்போது இந்த மாவட்டத்துக்கு எப்போது என்று சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. சட்டத்தில், தொற்று பரவாமல் தடுக்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடுவது என் வழக்கம். பத்து ரூபாய்தான் செலவு: "கடந்த வருஷம் இந்த மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்கு பிரெப் வழங்கப்பட்டது?" முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் பூஜ்யம் என்று வந்தால், மனுவின் முதல் வரி கிடைத்துவிட்டது.

கையெழுத்துப் போட்டா, இவளுக்கு இருக்கு போலன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?

பேசுவார்கள். அதனால் தனித்தனியாகப் போட வேண்டாம். மகளிர் குழு பேரில், குழு சீலோடு, தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று கையெழுத்து போதும். மனுவில் யாருடைய நிலையையும் வீட்டையும் எழுத வேண்டாம். "எங்கள் உறுப்பினர்கள் கேட்டுக்கொள்வது" என்று தொடங்குங்கள். குடிதண்ணீர் மனு, ரோடு மனு கொடுக்கும் அதே திங்கட்கிழமை, அந்தக் கட்டோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். சென்ற தடவை கூடலூர்ப் பக்கத்துக் குழு ஒன்று அப்படித்தான் செய்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஊர்க்காரர் ஒருவர் என்ன மனு என்று கேட்டதற்கு, "தெருவிளக்கு" என்றார்களாம்.